மேக ஓட்டை வழியாக வடக்குச் சரிவு

என் வீட்டுக்காரர் பத்து வருஷத்துக்கு முன்னால் பாடுபட்டு நட்ட காடு தேறவில்லை என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னதும் நான்தான். அவர் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார்.

"வடக்குச் சரிவு முழுக்க வெற்று நிலம்னு வந்திருக்குங்க."

கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"சரி. கைகால் கழுவிட்டு வா, ஆறிடும்" என்றார்.

அவ்வளவுதான். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருப்பது அவர் சுபாவம். எனக்கு நேர்மாறு. எனக்குக் கோபம் வந்தால் தெருமுனைவரை கேட்கும். அவர் ஏதாவது கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். உப்பில்லாத அந்தச் சாப்பாட்டை வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தோம்.

நான் வேலை பார்ப்பது வனத்துறையின் தொலையுணர்வுப் பிரிவில். பெயர்தான் பெரிது, அறை சின்னது. தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் போகிற செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை வாங்கி, எது மரம், எது புல், எது தண்ணீர், எது வெறும் மண் என்று கணினியைப் பிரிக்கச் சொல்லி, நிறம் தீட்டிக் கொடுப்போம். காட்டுக்குள் கால் வைக்காமலே காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்று வனக் காவலர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். நீங்கள் ஒரு வருஷம் நடந்து பார்ப்பதை நாங்கள் ஒரே காலையில் பார்த்துவிடுவோம் என்று நாங்கள் திருப்பிக் கொடுப்போம். இரண்டும் உண்மை என்பதால் அந்தச் சண்டை தீர்வதே இல்லை.

என் வீட்டுக்காரர் அந்த நடக்கிற கூட்டம், வனச்சரக அதிகாரி. எல்லோருக்கும் 'ரேஞ்சர்'. கல்யாணமான புதிதில் என் வரைபடத்தைக் காட்டுக்கு எடுத்துப்போய், தப்பு கண்ட இடத்திலெல்லாம் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு வந்து நீட்டுவார். மற்றவர்கள் வீட்டில் பூ வாங்கி வந்தார்களோ என்னவோ, எங்கள் வீட்டில் வட்டம்தான் வந்தது.

வடக்குச் சரிவு ஒரு பெரிய தீயில் எரிந்துபோன இடம். மண் கூடக் கருகி, மழைக்கு வழிந்து, கீழே ஓடையை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆடு ஏறினாலும் வழுக்கும் சரிவு. எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கியதை இவர் கேட்டு வாங்கினார். அந்த மலையில் முன்பு என்னென்ன மரம் இருந்ததோ அதே விதைகளைத் தேடி எடுத்து, கன்றாக்கி, ஆட்களோடு ஆளாகத் தோளில் சுமந்து போய் நட்டார். கன்றுகள் முழங்கால் உயரம் வந்த சமயத்தில் ஒரு மழையில் மண் சரிந்து, மேலே போகிற பாதையே இல்லாமல் போயிற்று. புதுப் பாதை போடப் பணம் வருவதற்குள் இவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்த மருத்துவர், "மாடிப்படி பார்த்து ஏறுங்க. மலையை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இவரும் போகவில்லை, வேறு யாரும் போகவில்லை. இவரை நாற்றங்காலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள்.

நட்ட காட்டுக்குப் பத்தாம் வருஷம் பரீட்சை. தேறினால் காடாகவே விட்டுவிடுவார்கள். தேறாவிட்டால் இயந்திரத்தை இறக்கிச் சுரண்டி எடுத்துவிட்டு, சீக்கிரம் வளர்கிற காகிதக்கூழ் மரத்தை வரிசையாக நடுவார்கள். ஆள் ஏற முடியாத இடமென்றால் செயற்கைக்கோள் படம்தான் நீதிபதி. என் படம் வெற்று நிலம் என்று சொல்லிவிட்டது. மாதக் கடைசியில் இயந்திரம் வரும் என்று அலுவலகக் கூட்டத்தில் முடிவாயிற்று.

அந்தக் கூட்டத்தில் எங்கள் மேடம், பிரிவின் தலைமை அதிகாரி, அவரைப் பார்த்து நேராகக் கேட்டார். "ரேஞ்சர், இது உங்க சரிவு. ஆட்சேபம் ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்."

ஒரு கேள்வி, ஒரு சந்தேகம், பழைய நாள் மாதிரி ஒரு வட்டம், எதுவுமில்லை. என் படத்தை அவ்வளவு நம்புகிறாரே என்று பெருமைப்பட்டிருக்கலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனசு விட்டுப்போன மனிதர் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். முடிஞ்சா பாரு, இல்லன்னா பரவாயில்ல."

"சொல்லுங்க."

"அந்தச் சரிவோட படம் ஒண்ணு பிரிண்ட் எடுத்துக் குடு. இயந்திரம் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. சும்மா வெச்சுக்கறேன்."

"சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

நிறம் தீட்டிய என் வரைபடத்தை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சரிவு முழுக்க மண்ணின் பழுப்பை அப்பிய படத்தை யார் வீட்டில் மாட்டுவார்கள்? அதனால், கணினி கை வைக்காத மூலப் படத்தை எடுத்தேன். மலை, ஓடை, பாதை எல்லாம் கண்ணால் பார்க்கிற மாதிரியே இருக்கும். வடக்குச் சரிவைப் பெரிதாக்கினேன். சரிவு கறுப்பாக இருந்தது.

பழுப்பாக இல்லை, கறுப்பாக. வெறும் மண் படத்தில் எப்போதும் வெளிச்சமாகத்தான் வரும், வெயிலில் காயப்போட்ட வேட்டி மாதிரி. இது மைக்கறுப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு படத்தைத் திறந்தேன். அதுவும் கறுப்பு. மூன்றாவதும் அப்படியே.

கணினி முதலில் பிரித்ததை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அது வடக்குச் சரிவைத் தண்ணீர் என்று குறித்திருந்தது. படத்தில் தண்ணீரும் நிழலும் ஒரே கறுப்பு, பாவம், இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதைத் திருத்த எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. சரிவில் தண்ணீர் நிற்காது, ஆகவே சரிவில் தண்ணீர் என்று வந்தால் அதை வெற்று நிலமாக மாற்று. எவ்வளவு புத்திசாலித்தனமான விதி! எல்லோரும் கூடி உட்கார்ந்து, தேநீர் குடித்து, தலையாட்டி ஏற்றுக்கொண்டது. நிழல் என்று ஒன்று உலகத்தில் இருப்பது படித்த எங்களில் ஒருவருக்கும் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மேகம் மறைக்காத படம்தான் நல்ல படம் என்று நாங்கள் எப்போதும் பொறுக்குவோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருப்பது குளிர்மாதங்களில். அப்போது சூரியன் தாழ்வாக நிற்கும். செயற்கைக்கோள் கடக்கிற காலை நேரத்தில் மலைமுகட்டின் நிழல் வடக்குச் சரிவின் மேல் போர்வை மாதிரி விழுந்து கிடக்கும். நல்ல படமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில், அந்தச் சரிவில் வெளிச்சமே படாத படங்களாக வந்து சேர்ந்திருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் ஒரு மலையையே நிழலில் மறைத்துவிட்டோம்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். உடனே அவருக்குப் போன் செய்யத்தான் கை பரபரத்தது. எண்ணை எடுத்தும் விட்டேன். பிறகு வைத்துவிட்டேன். நிழல் இருக்கிறது என்பதால் நிழலுக்கு அடியில் மரம் இருக்கிறது என்றாகிவிடாது. உண்மையிலேயே செத்தும் போயிருக்கலாம். ஒரு தடவை செத்துப்போச்சு என்று கேட்டுவிட்ட நெஞ்சு அது. இருக்கிறது என்று சொல்லி, பிறகு இல்லை என்று இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சூரியன் உச்சிக்கு வரும் மாதங்களில் அந்தச் சரிவிலும் வெயில் விழும். ஆனால் அவைதான் மழைமாதங்கள். படமெல்லாம் மேகம். வருஷா வருஷம் 'மேகம் அதிகம்' என்று நாங்கள் ஒதுக்கித் தள்ளிய படங்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன, அவற்றைத் திறந்தேன். ஒரு படத்தில் மேகத்துக்கு நடுவே கைக்குட்டை அளவு ஓட்டை. இன்னொன்றில் சரிவின் ஓரம் மட்டும். சிலவற்றில் ஒன்றுமே இல்லை, பஞ்சு மூட்டைதான். தெரிந்த துண்டுகளை வெட்டியெடுத்து, அதனதன் இடத்தில் பொருத்தி, கிழிந்த போர்வைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தேன். என் அன்றாட வேலைக்கு நடுவே அந்த வாரம் முழுக்க அதையே செய்தேன். மதியச் சாப்பாட்டு டப்பா பல நாள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

"நான் சமைச்சது அவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

"உப்பு தூக்கல்" என்றேன்.

உப்பே போடாத மனிதர் சிரித்துவிட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

ஒட்டுப் போட்டு முடித்த படத்தில் வடக்குச் சரிவு பச்சையாக இருந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் வெளிறிக் கிடந்தது, மற்ற இடமெல்லாம் பச்சை. அழுகை வந்தது, அழவில்லை. வெளுத்ததெல்லாம் பாலில்லை, பச்சையெல்லாம் மரமுமில்லை. களைக்கொடி படர்ந்தாலும் மேலிருந்து பார்த்தால் இதே பச்சைதான். உயரம் தெரிந்தால்தான் மரமா கொடியா என்று சொல்ல முடியும். அதற்கு லேசர் மாட்டிய டிரோன் வேண்டும், டிரோனுக்கு மேடம் கையெழுத்து வேண்டும்.

மேடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் படத்துல தப்புன்னு நீயே வந்து சொல்ற."

"ஆமா மேடம்."

"உன் வீட்டுக்காரர் சரிவு. ஊர் என்ன பேசும்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் இனிமே நான் கை வைக்க மாட்டேன். டிரோனை நம்ம பருந்து பறக்கவிடட்டும். கணக்கை வேற பிரிவுல போடட்டும். களைன்னு வந்தா நானே இயந்திரத்துக்கு வழி காட்டறேன்."

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நல்லவேளை நீயே வந்த" என்றார். "ரேஞ்சர் ஆட்சேபம் சொல்லியிருந்தா விதிப்படி உன்மேல விசாரணை வெச்சிருக்கணும். புருஷனுக்காகப் படத்தை மாத்தறாளான்னு பழைய படம் வரைக்கும் தோண்டியிருப்பாங்க. போன தடவை ஒருத்தருக்கு அப்படி வெச்சாங்க, தப்பே இல்லன்னு வந்தும் அந்த மனுஷன் திரும்ப வேலைக்கு வரல." சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பருந்து என்பது எங்கள் டிரோன் ஓட்டுநருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், நாற்காலிமேல் ஏறி பல்பு மாற்றச் சொன்னால் தலைசுற்றுகிறது என்பார். மலையடிவாரத்தில் எங்கிருந்து ஏற்றினால் முகடு மறைக்காது என்று காட்ட ரேஞ்சர் வேண்டும் என்று அவர்தான் கேட்டார். என் வீட்டுக்காரருக்குத் துணையாக நானும் போனேன். வீட்டில் "ஒரு சரிபார்ப்பு இருக்கு, வாங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பழைய தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

அடிவாரத்திலிருந்து பார்த்தால் சரிவு தெரியாது, முன்னால் ஒரு பாறைத் தோள் மறைத்துக்கொண்டு நிற்கிறது. ரேஞ்சர் ஓடைப்பக்கம் ஒரு மேட்டைக் கை காட்டினார். பருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். நாங்கள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். தேனீ மாதிரி ரீங்காரம் எழுந்து, மேலே போய், பாறைக்குப் பின்னால் கரைந்துபோனது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நிழல் கதையை முழுக்கச் சொன்னேன். விதியை, மேகத்தை, ஓட்டைகளை, பச்சையை, அது களையாகவும் இருக்கலாம் என்பதை, எல்லாவற்றையும்.

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த தொப்பியின் விளிம்பை விரல் தடவிக்கொண்டே இருந்தது.

"சாப்பாடு திரும்பி வந்தது இதுக்கா?" என்றார்.

"ஆமாங்க."

"உடம்பைக் கெடுத்துக்காத."

நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறவர் எனக்குச் சொல்கிற புத்தி! வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன், அதற்குள் பருந்து மேட்டிலிருந்து ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு டிரோன் திரையை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க. முழுக் கணக்கு அப்புறம் வரும், இது பறக்கறப்பவே தெரியற உயரம்."

லேசர் ஒளி மேலே இலை நுனியிலும் பட்டுத் திரும்பும், இலை இடுக்கில் நுழைந்து தரையிலும் பட்டுத் திரும்பும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதுதான் உயரம். கொடியாக இருந்தால் முழங்காலுக்கு மேல் வராது. பருந்து பிடித்திருந்த திரையை நான் குனிந்து பார்த்தேன்.

"என்ன வந்திருக்கு?" என்று அவர் கேட்டார். திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

"மரங்க."

"எவ்வளவு?"

"ஓடைப்பக்கம் மூணு ஆள் உயரம். மேல போகப் போகக் கொஞ்சம் குட்டை. முகட்டுக்கிட்ட உங்களைவிட உயரமா நிக்குது."

"நடுவுல?"

"நடுவுல ஒரு பட்டை இல்லங்க. மண் சரிஞ்ச இடம் போல. மத்ததெல்லாம் இருக்கு. எல்லாம் இருக்குங்க."

அவர் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பருந்து நாகரிகம் தெரிந்த மனிதர், பேட்டரி மாற்றணும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் பயந்து முதுகைத் தடவினேன். தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்த ஓடையில ரெண்டு வருஷமாச் சேறு வரலன்னு கீழ இருக்கறவங்க சொன்னப்பவே நெனச்சேன். எல்லாம் செத்திருந்தா தண்ணி தெளிஞ்சு வராது."

என் கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது.

"அப்போ என் படத்தை நீங்க நம்பல?"

அவர் முகத்திலிருந்து தொப்பியை எடுக்கவில்லை.

"அன்னிக்கு மேடம் கேட்டாங்களே. ஏன் வாயைத் திறக்கல?"

தொப்பியை இறக்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நான் திறந்தா உன்மேல விசாரணை வரும். உன் பேரு ஒவ்வொரு மேசையா ஏறி இறங்கும். எனக்கும் சந்தேகம்தானே, கையில ஆதாரமா இருந்துச்சு? மரம் போனா திரும்ப நட்டுக்கலாம்."

"யாரு? நீங்களா? இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு அந்த மலையில ஏறி நடுவீங்களா?"

"முடியாதுதான்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடப்பாவி மனுஷா என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். மலையடிவாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்தால் நடப்பதே வேறு என்றேன். என் படத்தில் வட்டம் போட உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். கத்திக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே அவர் தோளில் சாய்ந்தேன். என்னை இவ்வளவு ஒருத்தர் நினைத்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "சரி, சரி, பருந்து பாக்கறாரு" என்றார்.

"பாக்கட்டும்" என்றேன்.